பேட்டில்டெக்: முதல் முறை ஆடுவோருக்கான முழுமையான வழிகாட்டி

மூன்று மாடி உயரம், ஐம்பது டன் இரும்பு, தோளில் பீரங்கி, தலைக்குள் ஒரு மனிதர். ‘மெக்’ எனப்படும் இப்படி நான்கு இயந்திரங்களை நம் கையில் கொடுத்து, ‘யோசித்து ஆடு, அவசரமே இல்லை’ என்று சொல்லும் கணினி விளையாட்டு பேட்டில்டெக். 2018 ஏப்ரலில் வெளிவந்தது. ராட்சத ரோபோ சண்டை என்றதும் பட்டன்களைத் தட்டித் தள்ளும் வேகமான கேமை எதிர்பார்த்து வருபவர்கள் முதல் நாளே திணறிப்போவார்கள். இது முறை வைத்து ஆடும் ஆட்டம். நீங்கள் ஒரு இயந்திரத்தை நகர்த்துவீர்கள், எதிரி ஒன்றை நகர்த்துவான். நடுவில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம்.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் எந்தத் துப்பாக்கி பெரியது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு: என் மெக் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கத்தை எதிரிக்குக் காட்டுகிறது? இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றியே போகும். கணக்குவழக்கு, பழுதுபார்ப்பு, ஆள் சேர்ப்பு எல்லாமே கடைசியில் அங்கேதான் வந்து சேர்கின்றன.

## எங்கிருந்து வந்தது இந்த உலகம்?

அமெரிக்காவில் ஃபாசா என்ற நிறுவனம் 1984-இல் மேசைமேல் ஆடும் போர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. அதன் முதல் பெயர் பேட்டில்டிராய்ட்ஸ். ‘டிராய்ட்’ என்ற சொல் தங்களுடையது என்று ஸ்டார் வார்ஸ் எடுத்த லூகாஸ்ஃபிலிம் தரப்பு எதிர்க்கவே, பேட்டில்டெக் என்று பெயர் மாறியது. தொடக்க கால மெக்குகள் பலவற்றின் உருவம் ஜப்பானிய அனிமேக்களிலிருந்து வந்தது. இந்த ஆட்டத்தில் உங்களுக்கு ஆரம்பத்திலேயே கிடைக்கும் ஷேடோ ஹாக், டௌக்ராம் என்ற அனிமேயின் நாயக ரோபோவை முன்மாதிரியாகக் கொண்டது.

அந்த மேசை விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோர்டன் வைஸ்மன்தான் பிறகு ஹேர்பிரெயிண்ட் ஸ்கீம்ஸ் என்ற நிறுவனம் வழியாக இந்தக் கணினி வடிவத்தையும் கொண்டுவந்தார். 2015-இல் கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடம் பணம் திரட்டித் தொடங்கினார்கள். பாரடாக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முப்பது ஆண்டுக்கும் மேலாகத் தாளிலும் பகடையிலும் தேய்த்து மெருகேற்றிய விதிகள் அடியில் இருப்பதால்தான் ஆட்டத்துக்கு இவ்வளவு ஆழம் என்பது என் எண்ணம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆண்டு 3025. மனிதர்கள் ஆயிரக்கணக்கான உலகங்களில் பரவி, ஐந்து பெரும் அரச குலங்களாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பேரரசுகளின் ஓரத்தில் ஆரிகன் என்ற சிறு நாடு. முடிசூட்டு நாளன்றே அரியணையை உறவினர் ஒருவரிடம் பறிகொடுக்கிறாள் கமேயா அரானோ. நீங்கள் அவளுடைய பாதுகாவலராகத் தொடங்கி, மூன்றாண்டு கழித்துக் கடனில் மூழ்கிய கூலிப்படைத் தலைவராக மாறியிருப்பீர்கள். முதல் மிஷனில் உங்களுக்கு ஆட்டம் சொல்லித்தரும் ஆசானின் பெயர் ராஜு மாண்ட்கோமரி. நம் காதுக்குப் பழகிய பெயர் ஒன்று ஆயிரம் ஆண்டு தாண்டியும் அங்கே இருப்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

## முதல் படி: எடையைப் புரிந்துகொள்ளுங்கள்

மெக்குகள் 20 டன்னிலிருந்து 100 டன் வரை இருக்கும். 35 டன் வரை லைட், 40 முதல் 55 வரை மீடியம், 60 முதல் 75 வரை ஹெவி, 80-உம் அதற்கு மேலும் அசால்ட். எடைதான் யார் முதலில் நகர்வது என்பதையும் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு சுற்றும் ஐந்திலிருந்து ஒன்று வரை கட்டங்களாக இறங்கும். லைட் மெக்குகள் நான்காம் கட்டத்தில், மீடியம் மூன்றில், ஹெவி இரண்டில், அசால்ட் ஒன்றில். இலேசானவன் முந்துகிறான், கனத்தவன் தாங்குகிறான்.

உங்கள் முறை வந்ததும் ஆடியே தீர வேண்டும் என்பதில்லை. ‘ரிசர்வ்’ பட்டனை அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப்போடலாம். புதியவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் ஆட்டத்திலேயே கூர்மையான ஆயுதம் இதுதான். ஒரு லைட் மெக்கைச் சுற்றின் கடைசிவரை காக்கவைத்து, எல்லாரும் நகர்ந்து முடித்தபின் எதிரியின் முதுகுப்புறம் போய்ச் சுடுங்கள். அடுத்த சுற்று தொடங்கியதும் முதலில் நகர்வதும் அதே மெக்தான். எதிரி திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டு முறை அடித்துவிட்டு ஓடிவிடலாம்.

## இரண்டாம் படி: உடலை எட்டுத் துண்டாகப் பாருங்கள்

மெக்குக்கு ஒரே ஒரு உயிர்க்கோடு கிடையாது. தலை, நடு மார்பு, இடது மார்பு, வலது மார்பு, இரு கைகள், இரு கால்கள் என்று எட்டுப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கவசம், கவசத்துக்குள் எலும்புக்கூடு. மார்புகள் மூன்றுக்கும் முதுகுப் பக்கத்தில் வேறு கவசம் உண்டு, அது மெல்லியது. நடு மார்பு போனால் மெக் போயிற்று. தலை போனால் பைலட் போயிற்று. பக்க மார்பு உடைந்தால் அதோடு அந்தப் பக்கத்துக் கையும் விழும், அதில் இருந்த ஆயுதங்களும் விழும். கால்கள் இரண்டும் போனால் மெக் படுத்துவிடும்.

ஆகவே நகர்ந்து முடித்ததும் எந்தத் திசை பார்த்து நிற்பது என்று கேட்கும் அந்தக் கடைசிச் சொடுக்கு மிக முக்கியம். இடது மார்பின் கவசம் கழன்றுவிட்டதா? வலது பக்கம் எதிரிக்குத் தெரியும்படி திரும்பி நில்லுங்கள். வலப்புறமிருந்து வரும் குண்டுகள் பெரும்பாலும் வலப்பக்க உறுப்புகளில்தான் விழும். அடுத்த சுற்றில் வலது பக்கமும் மெலிந்துவிட்டால், அந்த மெக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டு முழுக் கவசத்தோடு இருக்கும் இன்னொன்றை முன்னே விடுங்கள். நான்கு மெக்குகளும் அடியைப் பங்குபோட்டு வாங்கினால் நான்கும் வீடு திரும்பும்.

இதன் மறுபக்கம், எதிரியின் முதுகைத் தேடிப் போவது. முப்பது டன் ஸ்பைடர் சுமப்பது இரண்டே இரண்டு மீடியம் லேசர். முன்னால் நின்று சுட்டால் கீறல்தான் விழும். அதே ஸ்பைடர் குன்றைத் தாண்டிக் குதித்து எதிரியின் பின்னால் இறங்கிச் சுட்டால் எழுபது டன் மெக்கும் கவலைப்பட வேண்டும்.

## மூன்றாம் படி: ஓடிக்கொண்டே இருங்கள்

மெக் எவ்வளவு தூரம் நகர்கிறதோ அவ்வளவு ‘எவேஷன்’ புள்ளிகள் சேரும். புள்ளி கூடக் கூட எதிரியின் குறி தப்பும். நின்ற இடத்தில் நின்றால் புள்ளியே இல்லை. ‘ஸ்பிரிண்ட்’ ஓட்டத்தில் நிறையச் சேரும், ஆனால் அந்த முறை சுட முடியாது. ஜம்ப் ஜெட் வைத்துக் குதித்தால் புள்ளியும் சேரும், சுடவும் செய்யலாம்; உடம்பு சூடேறும்.

ஒவ்வொரு தாக்குதலும், குறி தப்பினாலும்கூட, எதிரியின் ஒரு புள்ளியைக் கழிக்கும். ஆகையால் நான்கு பேர் ஒருவனைச் சுடும்போது சிறிய ஆயுதக்காரரை முதலில் சுடவிடுங்கள். பெரிய பீரங்கி கடைசியில் பேசட்டும். ‘சென்சர் லாக்’ திறமையுள்ள பைலட் இருந்தால் இன்னும் எளிது. அவர் சுடாமல் அந்தத் திறமையை ஏவினால் இரண்டு புள்ளி கழியும், தொலைவில் மறைந்திருக்கும் எதிரியும் எல்லார் பார்வைக்கும் வருவான். நெருங்கிப்போய்க் கையால் குத்தும் மெலீ தாக்குதலுக்கு எவேஷன் புள்ளிகள் ஒரு பொருட்டே இல்லை. சுற்றிச் சுற்றி ஓடித் தொல்லை தரும் லைட் மெக்குகளுக்கு அதுதான் மருந்து.

நிற்க நேர்ந்தால் காட்டுக்குள் நில்லுங்கள். மரங்கள் அடியைக் குறைக்கும். தண்ணீரில் நின்றால் சூடு விரைவாகத் தணியும். நிலாத் தரையிலும் பாலைவனத்திலும் சூடு மெதுவாகத்தான் இறங்கும். மிஷன் தொடங்குமுன் இடம் எது என்று பார்த்துவிட்டே மெக்குகளைத் தேர்ந்தெடுங்கள்.

## நான்காம் படி: சூடும் சமநிலையும்

ஆயுதம் ஒவ்வொன்றும் சூட்டைக் கிளப்பும். திரையில் சூட்டுக் கோடு ஓர் அளவைத் தாண்டினால் உங்கள் மெக் உள்ளுக்குள் தன்னையே எரித்துக்கொள்ளத் தொடங்கும். முழுக்க நிரம்பினால் அணைந்து நின்றுவிடும். அப்போது எதிரி விரும்பிய உறுப்பைக் குறிவைத்து அடிக்கலாம். எல்லா ஆயுதங்களையும் எல்லா முறையும் சுட வேண்டாம். ஆயுதப் பட்டியலில் ஒவ்வொன்றையும் தனித்தனியே அணைத்துவைக்க முடியும். குறி முப்பது சதவீதத்துக்கும் கீழே இருக்கிற லேசரைச் சுட்டுச் சூட்டை வாங்கிக்கொள்வது வீண்.

சமநிலை இன்னொரு கோடு. ஏவுகணைகள், பீரங்கிக் குண்டுகள், குத்துகள் இவை மெக்கைத் தள்ளாடவைக்கும். தள்ளாட்டம் முற்றினால் மெக் விழும். விழுந்தால் பைலட்டுக்கு ஒரு காயம், எவேஷன் முழுதும் காலி, அடுத்த முறையும் தாமதமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, விழுந்து கிடப்பவனின் எந்த உறுப்பையும் குறிவைக்கலாம். ஒருவனை விழவைத்துவிட்டு மற்ற மூவரும் அவன் மேல் பாய்வது இந்த ஆட்டத்தின் அடிப்படை இசை. உங்கள் மெக் தள்ளாடினால் ‘பிரேஸ்’ கொடுத்துக் காலை ஊன்றி நில்லுங்கள். அந்த முறை சுட முடியாது, ஆனால் சமநிலை மீளும், அடியும் குறைவாகவே விழும்.

## ஒரு சண்டையைக் கிட்டத்தில் பார்ப்போம்

ஆரம்ப மிஷன்களில் நீங்கள் பயப்பட வேண்டிய ஒரு மெக் ஹஞ்ச்பேக். ஐம்பது டன். வலது தோளில் கூனல்போல் துருத்தி நிற்பது ஏசி/20 பீரங்கி. ஒரு குண்டு நூறு சேதம். அது தலையில் விழுந்தால் எந்த மெக்கின் தலையும் தாங்காது. ஆனால் கிட்டத்தில் வந்தால்தான் அந்தப் பீரங்கியால் சுட முடியும்.

உங்களிடம் ஸ்பைடர், ஷேடோ ஹாக், விண்டிகேட்டர், பிளாக்ஜாக். நான்காம் கட்டத்தில் ஸ்பைடருக்கு முறை வருகிறது. தள்ளிப்போடுங்கள். மூன்றாம் கட்டத்தில் உங்கள் மீடியம் மெக்குகளும் ஹஞ்ச்பேக்கும் மாறி மாறி நகர்வார்கள். விண்டிகேட்டர் தொலைவில் நின்று பிபிசி (PPC) துப்பாக்கியால் அடிக்கட்டும். பட்டால் எதிரியின் குறியும் கொஞ்சம் கெடும். ஷேடோ ஹாக் தன் பீரங்கியாலும் ஏவுகணையாலும் தள்ளாடவைக்கட்டும். இதற்குள் படையின் ஊக்கத்தைக் காட்டும் ‘ரிசால்வ்’ கோடு நிரம்பியிருந்தால், பிளாக்ஜாக்கின் முறையில் குறிபார்த்த அடியை எடுத்து, நான்கு மீடியம் லேசரையும் வலது மார்பில் இறக்குங்கள். நடு மார்பைக் குறிவைக்கக் கை துறுதுறுக்கும், வேண்டாம். வலது மார்பு உடைந்தால் பீரங்கி போகும், வலது கையும் அதிலிருந்த லேசரும் போகும், பைலட்டுக்கும் ஒரு காயம். மிச்சம் இடது கையில் ஒரு மீடியம் லேசர், தலையில் ஒரு குட்டி லேசர். இனி அவன் உயிரோடு நடமாடினாலும் உங்களுக்கு ஆபத்தில்லை. கடைசியில் ஸ்பைடர் குதித்துப்போய் முதுகில் சுடுகிறது. அடுத்த சுற்றில் முந்திக்கொண்டு மறுபடியும் சுடுகிறது.

ஒரே சுற்றில் இத்தனையும் கூடிவராது. குறி தப்பும், ஆள் இடம் மாறுவான். ஆனாலும் வரிசை இதுதான்: ஆபத்தான ஆயுதத்தை முதலில் கழற்று, பிறகு ஆளைப் பார்.

## ஐந்தாம் படி: நான்கு பைலட்டுகள்

பைலட்டுக்கு நான்கு திறன்கள்: கன்னரி, பைலட்டிங், கட்ஸ், டாக்டிக்ஸ். ஒவ்வொன்றிலும் ஐந்தாம், எட்டாம் நிலைகளில் ஒரு சிறப்புத் திறமை திறக்கும். ஒருவருக்கு எல்லாத் திறமையும் கிடைக்காது என்பதால் யோசித்துச் செலவழியுங்கள். குழுவில் ஒருவருக்காவது டாக்டிக்ஸ் ஐந்தில் வரும் சென்சர் லாக் இருக்கட்டும். முன்னணியில் அடி வாங்குபவருக்குக் கட்ஸ் ஐந்தில் வரும் பல்வார்க். லைட் மெக் ஓட்டுபவருக்குப் பைலட்டிங் எட்டின் ஏஸ் பைலட். சுட்டுவிட்டு ஓடி ஒளிய அது வழிவிடும்.

தொடக்கத்தில் உங்களோடு இருப்பவர்கள் பெஹமத், டெக்கர், கிளிட்ச், மெடூசா. டெக்கர் சாவது ரசிகர்கள் நடுவே பிரசித்தம். மெல்லிய கவசமுள்ள லைட் மெக்கில் அவரை ஏற்றி அனுப்பிவிட்டு எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மறக்காதீர்கள். மெக் உடைந்தால் வேறு வாங்கலாம். ஓராண்டு சண்டையில் தேறிய பைலட்டைக் கடையில் வாங்க முடியாது. நிலைமை கைமீறினால் வெளியேறும் பட்டனை அழுத்திப் பைலட்டைக் காப்பாற்றுங்கள். களத்தைவிட்டு மொத்தமாகப் பின்வாங்குவதும் ஆட்டம் அனுமதிக்கும் வழிதான். ஒரு இலக்கையாவது முடித்துவிட்டுப் பின்வாங்கினால் பெயரும் அவ்வளவாகக் கெடாது.

## ஆறாம் படி: பட்டறை

கையில் கிடைத்த மெக்கை அப்படியே ஓட்டாதீர்கள். பட்டறைக்குப் போய்க் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஆயுதம் அளவுக்கு மீறி இருக்கும், கவசம் போதாமல் இருக்கும். பிளாக்ஜாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 45 டன் மெக்கில் இரண்டு ஏசி/2 பீரங்கிகள், ஒவ்வொன்றும் ஆறு டன். ஒரு குண்டுக்கு 25 சேதம். அதே 25 சேதத்தை ஒரு டன் எடையுள்ள மீடியம் லேசர் தருகிறது, குண்டும் கேட்பதில்லை. பீரங்கி தொலைதூரம் சுடும் என்பது உண்மை. அந்தத் தூரத்துக்குப் பன்னிரண்டு டன் விலை அதிகம். இரண்டையும் கழற்றிவிட்டு முன்பக்கக் கவசத்தை நிரப்புங்கள், மிச்ச எடைக்கு ஹீட் சிங்க் போடுங்கள். மெக் வேறு ஆளாக மாறியிருக்கும்.

குண்டுப் பெட்டிகளை மார்பில் வைக்காமல் காலில் வையுங்கள். அடி பட்டு வெடித்தால் ஒரு காலோடு போகும். வேலைக்கு நாளாகும் என்பதால், பெரிய மாற்றங்களை அடுத்த கிரகத்துக்குப் பயணம் தொடங்கும்போது ஆரம்பித்துவிடுங்கள். போய்ச் சேருவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

## ஏழாம் படி: மாதக் கடைசி

ஆட்டத்தில் சண்டை பாதிதான். மற்ற பாதி, கடனில் லாரி வாங்கித் தொழில் நடத்துபவரின் கணக்கு: சம்பளம், பராமரிப்பு, பழுதுச் செலவு, மாதம் பிறந்தால் கட்ட வேண்டிய தவணை. கையிருப்பு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. ஓட்டாத மெக்குகளைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டால் அவற்றுக்குப் பராமரிப்புச் செலவு இல்லை.

ஒப்பந்தங்களின் கடினம் மண்டையோட்டுக் குறிகளால் தெரியும். அரை மண்டையோட்டிலிருந்து ஐந்து வரை. ஒன்றரைக்குக் கீழேயே சில மாதங்கள் ஓட்டுங்கள். நேருக்கு நேர் மோதும் எளிய சண்டைகளை எடுங்கள்; வண்டிகளுக்குத் துணைபோகும் காவல் வேலை முதலில் வேண்டாம். ஒப்பந்தம் பேசும்போது பணமா, கழிவுப் பொருளில் பங்கா என்று கேட்பார்கள். மெக்குகள் கிடைப்பது அந்தக் கழிவுப் பொருளில்தான். கதைப் பயன்முறையில் வழக்கமாக மூன்று பாகம் சேர்ந்தால் ஒரு முழு மெக். எதிரியின் நடு மார்பை உடைத்தால் ஒரு பாகம் மிஞ்சும். கால்கள் இரண்டையும் உடைத்தால் இரண்டு. மெக்கைக் கெடுக்காமல் பைலட்டை மட்டும் வீழ்த்தினால் மூன்று. எங்கே அடிப்பது என்ற கேள்வி இங்கே காசாகவும் மாறுகிறது. இரண்டு மாதச் செலவுக்குக் கையிருப்பு இருக்கும்வரை பங்கைப் பாகங்களின் பக்கமே சாயுங்கள். இல்லையென்றால் பணம்.

கதையின் முக்கிய மிஷன்களை அவசரப்பட்டு முடிக்க வேண்டியதில்லை. அவை உங்களுக்காகக் காத்திருக்கும். ஆர்கோ என்ற பெரிய கப்பல் கைக்கு வரும்வரை கதையோடு போங்கள். பட்டறை, மருத்துவ அறை என ஒவ்வொன்றாக விரிவாக்க அதில்தான் இடம் கிடைக்கும். அதன்பின் நிதானமாகக் கூலி வேலை பார்த்து, நான்கு ஹெவி மெக்குகள் சேர்ந்ததும் கதைக்குத் திரும்புங்கள்.

## இனி?

சண்டைக் காட்சிகள் மெதுவாக ஓடுவதாகத் தோன்றினால் அமைப்புகளில் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஃபிளாஷ்பாயின்ட், அர்பன் வார்ஃபேர், ஹெவி மெட்டல் என்று மூன்று விரிவாக்கங்கள் உண்டு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஃபிளாஷ்பாயின்ட். தொடர் கதையாக வரும் அதன் ஒப்பந்தங்கள்தான் ஆட்டத்தின் ஆயுளை நீட்டுகின்றன. கதை முடிந்தபின், கதையே இல்லாமல் கூலிப்படையை மட்டும் நடத்தும் கரியர் பயன்முறைக்குப் போகலாம். ரோக்டெக் போன்ற ரசிகர் மாற்றங்கள் ஆட்டத்தைப் பல மடங்கு பெரிதாக்கும், பல மடங்கு கடினமாக்கவும் செய்யும். அவற்றை நிறுவும் முன் அடிப்படை ஆட்டத்தை ஒருமுறை முழுதாக முடித்துவிடுங்கள். நிறுவியபின் பழைய சேவ் கோப்புகளை எதிர்பார்க்காமல் புதிதாகத் தொடங்குங்கள்.